புதுத் தொட்டியின் பசி

அந்த நகரத்தில் யாரை நிறுத்திக் கேட்டாலும் தபால் நிலையம் எங்கே, நூலகம் எங்கே என்று கையை நீட்டி வழி சொல்வார்கள். கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் எங்கே என்று கேட்டால் மட்டும் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "எதுக்கு?" என்பார்கள். தினமும் காலையில் ஒரு விசையை அழுத்திவிட்டு, போனது போனதுதான் என்று நிம்மதியாக வெளியே வரும் மனிதர்கள். போனது எங்கே போயிற்று என்று யோசிக்க அவர்களுக்கு நேரமில்லை. அவர்களுக்குப் பதிலாக யோசிப்பதற்கென்றே சம்பளம் வாங்கும் நாலு பேர் ஊரின் கடைசியில் இருந்தார்கள்.

அந்த நால்வருக்கும் தலைவி அக்கா. வாய் கடுமை, மனசு இளகல். அவளைவிட வயதில் மூத்த மோட்டார் மாமாவே அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவள் அவரை மாமா என்பாள். இந்த உறவுமுறையை யாரும் கிளறிப் பார்த்ததில்லை. மோட்டார் மாமா பாதி ஆயுளைக் காற்று ஊதும் இயந்திரங்களின் பக்கத்திலேயே கழித்தவர். அதனால் காது மந்தம், குரல் மட்டும் நாலு ஆள் குரல். அவர் காதோடு காதாகச் சொல்லும் ரகசியம் தெருமுனை வரை கேட்கும். மூன்றாவது ஆள் எலெக்ட்ரீஷியன். தொட்டதற்கெல்லாம் சட்டென்று சூடாகிவிடுவான் என்பதால் அவனுக்குப் பெயரே ஃபியூஸ். போன மாதம்தான் அவனுக்குக் குழந்தை பிறந்திருந்தது. தூக்கம் போய்க் கண் இரண்டும் சிவந்து திரிந்தான். நாலாவது, லேப் பொண்ணு. கொண்டையில் இரண்டு பேனாவைச் செருகிக்கொண்டு, மூன்றாவது பேனாவை மேசை மேல் தேடிக்கொண்டிருப்பாள்.

உண்மையைச் சொன்னால், ஊர்ச் சாக்கடையைச் சுத்தம் செய்வது இந்த நாலு பேரும் இல்லை. கண்ணுக்குத் தெரியாத கோடிக்கணக்கான பூச்சிகள். புத்தகத்தில் அவற்றுக்கு பாக்டீரியா என்று பெயர். நிலையத்தில் 'பசங்க'. ஊர் கழித்ததையெல்லாம் அந்தப் பசங்க தின்று, பெருகி, கொழுத்து, கடைசியில் சேறாக அடியில் படிந்துவிடுவார்கள். மேலே தெளிந்த தண்ணீர் நிற்கும். அது ஆற்றுக்குப் போகும். மனிதர்கள் செய்ய வேண்டியதெல்லாம் பசங்களுக்கு மூச்சு முட்டாமல் காற்று ஊதிக் கொடுப்பதும், சாப்பிட்டார்களா என்று எட்டிப் பார்ப்பதும்தான். பார்ப்பதோடு நிறுத்திக்கொண்டிருந்தால் இந்தக் கதையே இல்லை.

பழைய தொட்டிக்கு, அக்கா வேலைக்குச் சேர்ந்தபோதே வயதாகிவிட்டது. இப்போது சுவரெல்லாம் வெடிப்பு. தண்ணீரைக் கலக்கிவிடும் சக்கரங்கள் சுற்றும்போது முனகுவது வாசல் கேட்டில் கேட்கும். ஊரும் முன்பு போலவா இருக்கிறது? வீடுகள் பெருத்துவிட்டன, ஆட்கள் பெருத்துவிட்டார்கள், கழிப்பதும் பெருத்துவிட்டது. எனவே நகராட்சி புதுத் தொட்டி கட்டியது. அடியில் ஆயிரம் ரப்பர்த் தட்டுகள், அவற்றிலிருந்து பொடிப்பொடியாகக் கிளம்பும் காற்றுக் குமிழ்கள், எல்லாவற்றையும் ஓர் அறையில் உட்கார்ந்தே பார்க்க ஒரு பெரிய திரை. பார்க்கவே ஜம்மென்று இருந்தது. பொறுப்பு ஒப்படைப்பது பற்றிப் பேசக் கூட்டம் போட்ட அன்றுதான் அக்காவுக்கு விஷயம் தெரிந்தது.

"புது பிளான்ட்டுக்கு ஒரு ஸ்கிரீனும் ரெண்டு ஆளும் போதும்" என்றார் தலைமைப் பொறியாளர். சிரிப்பைச் செலவழிக்காத பெண்மணி. மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தால் எதிரே இருப்பவர் தானாகவே எழுந்து நின்றுவிடுவார். "கட்டின கம்பெனியே ஆள் போடுது. நீங்க நாலு பேரும் வேற வேற பிரிவுக்குப் போகலாம்."

எங்கெங்கே என்பதும் முடிவாகியிருந்தது. மாமா குடிநீர்ப் பிரிவுக்கு. ஃபியூஸ் தெருவிளக்குக்கு. லேப் பொண்ணு பிறப்பு இறப்புப் பதிவுக்கு. அக்கா வீட்டுவரிக்கு. வரிப் பிரிவில் உட்கார்ந்து யாரையோ திட்டுவது அக்காவுக்கு ஒன்றும் கஷ்டமில்லை. சொல்லப் போனால் அதற்கென்றே பிறந்தவள் மாதிரிதான். ஆனால் நாலு பேரும் நாலு திசைக்குப் போவது என்பதை அவளால் தாங்க முடியவில்லை. வருடக்கணக்காக ஒரே மேசையில், சேற்று வாடைக்கு நடுவே, மூக்கைச் சுளிக்காமல் ஒருவர் டப்பாவில் ஒருவர் கை விட்டுச் சாப்பிட்டவர்கள். வேறு எந்த ஆபீசில் இவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து யார் சாப்பிடுவார்கள்?

யோசிப்பதற்குள் வாய் முந்திக்கொண்டது. "மேடம், புதுத் தொட்டியில பசங்க இல்லாம என்ன ஸ்கிரீன் இருந்தும் பிரயோஜனம் இல்ல. எங்க பழைய தொட்டிப் பசங்களை வச்சே அதை எழுப்பிக் காட்டறோம். ஒரு மாசம் குடுங்க."

"தண்ணி பாஸாகலன்னா?"

"வரிப் பிரிவுக்கு நானே நாற்காலி எடுத்துட்டுப் போறேன்."

தலைமைப் பொறியாளர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். "சரி. ஒரு மாசம். பாஸானா நாலு பேரும் இங்கயே இருக்கலாம். ஆகலன்னா அப்புறம் எங்கிட்ட வந்து பேசக் கூடாது."

மறுநாளே வேலை தொடங்கியது. பழைய தொட்டியிலிருந்து கெட்டியான சேற்றை லாரி லாரியாக உறிஞ்சிப் புதுத் தொட்டியில் விட்டார்கள். உறை ஊற்றுவது போலத்தான்; உறை நன்றாக இருந்தால் தொட்டி முழுக்கப் பசங்க நிறைந்துவிடுவார்கள். ஊர்ச் சாக்கடையில் பெரும்பங்கு இன்னும் பழைய தொட்டிக்கே போய்க்கொண்டிருந்ததால், புதுசுக்கு வந்தது ஒல்லியான ஒரு குழாய்த் தண்ணீர்தான். பசங்களுக்கு அது போதாது. அதற்காக டிரம் டிரம்மாகக் கழிவுப்பாகு வந்து இறங்கியது. சர்க்கரை ஆலையில் சர்க்கரையெல்லாம் எடுத்த பிறகு மிஞ்சும் கறுப்புப் பாகு அது.

எவ்வளவு போடுவது என்று சொன்னவன் கம்பெனித் தம்பி. தொட்டி கட்டிய கம்பெனி அனுப்பிய பையன். கையில் எந்நேரமும் டேப்லெட், காலில் புது பூட்ஸ். தங்கமான பிள்ளை, படித்ததை மறக்காதவன்.

"காலையில ஒரு பக்கெட். அவ்வளவுதான் மேடம்" என்றான். "பூச்சிங்க இப்ப கொஞ்சம்தான் இருக்கு. நிறையப் போட்டா திங்க முடியாது. காத்து தீந்துடும், நுரை கட்டும், எல்லாம் செத்துடும். ஒரு ஸ்பூன் கூடுதலா போடக் கூடாது."

அவன் சொன்னது அட்சரம் பிசகாமல் சரி. அக்கா தலையாட்டினாள். ஆட்டிய கையோடு மற்ற மூவரையும் வரிசையாக நிறுத்தி வைத்து, "காதுல விழுந்துச்சா? எவனாவது எவளாவது ஒரு ஸ்பூன் கூடப் போட்டது தெரிஞ்சுது, கையை ஒடிச்சுடுவேன்" என்றாள். மாமாவுக்காக இரண்டாம் முறை கத்தியும் சொன்னாள்.

முதல் வாரம் ஒழுங்காகத்தான் போயிற்று. பிறகு ஒருநாள் லேப் பொண்ணு மைக்ரோஸ்கோப்பில் காட்டினாள். வட்ட வெளிச்சத்துக்குள் இரண்டு மூன்று பசங்க, அதுவும் நகரலாமா வேண்டாமா என்று யோசித்தபடி.

"இளைச்சுப் போயிருக்குதுங்களே" என்றாள் அக்கா.

"புது எடம்க்கா. பழகணும்."

பழகட்டும் என்று அக்கா வீட்டுக்குப் போனாள். ஆனால் சோறு இறங்கவில்லை. ஒரு மாதத்தில் இப்படி இரண்டு மூன்று நோஞ்சான்களை வைத்துக்கொண்டு எந்தத் தண்ணீரைத் தெளிய வைப்பது? மறுநாள் காலை சமையலறையில் சர்க்கரை டப்பாவைப் பார்த்தாள். டப்பாவும் அவளைப் பார்த்த மாதிரி இருந்தது. ஒரு ஸ்பூன்தான் கூடாது என்றான், கைப்பிடி பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லையே என்று தனக்குத் தானே நியாயம் சொல்லிக்கொண்டு, ஒரு கைப்பிடியைச் சாப்பாட்டு டப்பாவின் மேல்தட்டில் கொட்டிக்கொண்டாள். தொட்டி மேல் நடைபாதையில் காற்று வாங்குவது போல நடந்து, அக்கம் பக்கம் பார்த்து, விசிறிவிட்டு வந்தாள். அன்று சோறு இறங்கியது. அதற்கடுத்த நாள் கைப்பிடி இரண்டானது. அந்த வாரக் கடைசியில் டப்பாவோடு எடுத்துப் போனாள்.

அக்காவின் கணவர் அதே சாலையில் லாண்டரிக் கடை வைத்திருந்தார். சாது. சர்க்கரை இல்லாத காப்பி முதல் நாள் வந்தபோது, மறந்திருப்பாள் என்று குடித்தார். இரண்டாம் நாளும் அப்படியே வந்தபோது அவருக்குப் புரிந்துவிட்டது. தன் தொப்பையைப் பற்றிக் கவலைப்பட்டு, வாய்விட்டுச் சொல்ல மனமில்லாமல், பெண்சாதி நாசூக்காகக் குறைக்கிறாள். அவருக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. கடைக்கு வந்தவர்களிடமெல்லாம், "எங்க வீட்டுல எம்மேல எவ்வளவு அக்கறை தெரியுமா?" என்று பெருமை பேசினார். கசப்புக் காப்பியை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தார்.

இப்படியே போயிருந்தால் ஒருவேளை தப்பித்திருக்கலாம். ஒரு டப்பா சர்க்கரையால் அவ்வளவு பெரிய தொட்டிக்கு ஒன்றும் ஆகிவிடாது.

கெடு முடிய இன்னும் ஒரு வாரம் இருந்தது. ஒரு காலையில் அக்கா வந்து சேர்ந்தபோது நிலையத்தின் கேட்டைக் காணவில்லை. கேட் இருந்த இடத்தில் வெள்ளை வெளேரென்று நுரை நின்றது. தொட்டி விளிம்பைத் தாண்டி, சுவர் வழியாக இறங்கி, முற்றத்தை மூடி, ஆளுயரத்துக்கு எழும்பி, காற்றில் கொத்துக் கொத்தாகப் பிய்ந்து சாலைக்குப் போய்க்கொண்டிருந்தது. நுரைக்குள்ளிருந்து மாமாவின் குரல் மட்டும் கேட்டது.

"அக்கா! நான் இங்க இருக்கேன்! ஆனா எங்க இருக்கேன்னு தெரியல!"

குழாயால் தண்ணீரைப் பீய்ச்சி அடித்து, மாமாவை மீட்டு, நடைபாதையில் ஏறிப் பார்த்தாள் அக்கா. நுரைக்கு அடியில் தண்ணீர் கறுத்துப் போயிருந்தது. அழுகிய முட்டை வாடை மூக்கைத் துளைத்தது. அந்த நாலு பேரும் மூக்கைப் பொத்திக்கொண்டது அன்றுதான் முதல் தடவை.

கம்பெனித் தம்பி டேப்லெட்டைப் பார்த்து முகம் வெளுத்து நின்றான். "காத்து பூஜ்யம் மேடம். ஊதறதெல்லாம் போதவே இல்ல. ஒரு பக்கெட்டுக்கு இப்படி ஆகாது. யாரோ தீனி போட்டிருக்காங்க. நிறைய."

அக்காவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. தன் சர்க்கரை அந்த நிமிடம் அவள் நினைவிலேயே இல்லை. நம்மைப் பற்றி நமக்கு இருக்கும் மறதி அப்படிப்பட்டது. முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடிக்க மூவரையும் பார்த்தாள்.

"யாரு? இப்பவே சொல்லிடுங்க. நம்ம நாலு பேரு சோத்துல மண்ணை அள்ளிப் போட்டது யாரு?"

எல்லோரும் பூட்ஸ் நுனியைப் பார்த்தார்கள். அந்த நேரம் பார்த்துத்தான், தலை முதல் கால் வரை நுரை அப்பிய உருவம் ஒன்று கேட்டுக்குள் நுழைந்தது. அக்காவின் கணவர்.

"ரோடெல்லாம் நுரை! என் கடை சோப்புத் தண்ணின்னு சொல்லி ஊரே வந்து சட்டையைப் பிடிக்குது!" என்றார் மூச்சிரைக்க. "முப்பது வருஷமா சோப்புல கெடக்கறேன், இது சோப்பு நுரை இல்லன்னா ஒருத்தனும் நம்ப மாட்டேங்கறான். என்ன எழவும்மா இது?"

"பூச்சிக்கு யாரோ திருட்டுத்தனமா தீனி போட்டிருக்காங்க சார்" என்றான் கம்பெனித் தம்பி. "பாகு, சர்க்கரை, அந்த மாதிரி ஏதாவது."

"சர்க்கரையா?"

கணவர் முகத்தில் வழிந்த நுரையைத் துடைத்தார். மெதுவாக மனைவி பக்கம் திரும்பினார். சாது மனிதர் முகத்தில் ஒரு பெரிய மாளிகை இடிந்து விழுவது எல்லோருக்கும் தெரிந்தது.

"ரெண்டு வாரமா கசப்புக் காப்பி குடிக்கறேனே" என்றார். "எம்மேல உள்ள அக்கறைன்னுல்ல நெனச்சேன்?"

அக்காவுக்கு நுரைக்குள் போய் ஒளிந்துகொள்ளலாம் போலிருந்தது. குட்டு வெளிப்பட்டுவிட்டது. மாமா வாயைப் பிளந்தார். ஃபியூஸுக்கு மட்டும் முகத்தில் என்னவோ ஒரு நிம்மதி.

"அப்பாடா" என்றான் அவன். "அக்காவே போட்டிருக்கும்போது நான் சொன்னா என்ன? குழந்தைக்கு ஒத்துக்காத பால் பவுடர் வீட்டுல டின் டின்னா கெடந்துச்சு. சின்ன உயிருங்க ரெண்டு மணிக்கு ஒரு தரம் சாப்பிடணும்னு டாக்டரம்மா சொன்னாங்க. அதே மாதிரி போட்டேன்."

"அது உன் குழந்தைக்குச் சொன்னதுடா!"

"இதுவும் குழந்தைங்கதானேக்கா. நாமளே பசங்கன்னுதானே கூப்பிடறோம்."

மாமா தொண்டையைச் செருமினார். மச்சினன் ரொட்டிக்கடையில் தினமும் மிஞ்சும் பழைய ரொட்டியை மூட்டையாக வாங்கி வந்து, தண்ணீரில் ஊற வைத்துப் போட்டதை அவரால் முடிந்த அளவு தணிந்த குரலில் ஒப்புக்கொண்டார். சாலையில் நின்ற கூட்டம் முழுவதும் அதைக் கேட்டது.

லேப் பொண்ணு கொண்டையிலிருந்த பேனாவை எடுத்துத் திரும்பச் செருகினாள். "நான் ஒண்ணும் இவங்களை மாதிரி கண்ணை மூடிட்டுப் போடலக்கா. முறைப்படி கணக்குப் போட்டுத்தான் ரெண்டு பக்கெட் பாகு சேர்த்தேன்."

"தினமுமா?"

"தினமும் கணக்குப் போட்டேன்."

எல்லோரும் பேசி முடித்த பிறகும் கம்பெனித் தம்பி டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. அக்கா அவன் பக்கம் போனாள்.

"தம்பி?"

"என் முதல் பிளான்ட் மேடம் இது" என்றான் அழாத குறையாக. "ஃபெயிலாயிட்டா கம்பெனியில என்னைத்தான் கேப்பாங்க. அதான் பூச்சியைப் பெருக்க எங்க கம்பெனி குடுக்கற பவுடர் பாக்கெட்டு, அதோட தீனிப் பாக்கெட்டு… ஒரு பெட்டி."

"ஒரு பெட்டியா?"

"ரெண்டு."

முதலில் சிரித்தவர் கணவர். அவர் சிரித்ததும் மாமா சிரித்தார், பிறகு எல்லோரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அக்காவும் சிரித்தாள், சிரித்துக்கொண்டே இருந்தவள் எப்போது அழ ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒருவருக்கும் கெட்ட எண்ணமில்லை. எல்லோரும் பாசத்தைக் கொட்டியே கூட்டைக் கலைத்துவிட்டார்கள்.

"இப்ப என்ன பண்ணா இதுங்க பிழைக்கும் தம்பி?" என்று முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு கேட்டாள்.

"காத்து ஓடட்டும். அந்தக் குழாய்த் தண்ணி மட்டும் வரட்டும். வேற ஒண்ணும் பண்ணக் கூடாது மேடம். ஒண்ணுமே. இருக்கிறதைத் தின்னு முடிச்சா பிழைச்சுக்கும்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்பது எவ்வளவு என்று அடுத்த நாளே தெரிந்துவிட்டது. பள்ளம் தோண்டச் சொன்னால் தோண்டியிருப்பார்கள். சேற்றில் இறங்கச் சொன்னால் கழுத்தளவு இறங்கியிருப்பார்கள். சும்மா இரு என்றால் எப்படி இருப்பது? கறுத்த தண்ணீரைப் பார்க்கப் பார்க்கக் கை நமநமவென்றது. வேலை முடிந்தும் ஒருவரும் வீட்டுக்குப் போகவில்லை. தான் போன பிறகு மற்றவர்கள் எதையாவது போட்டுவிடுவார்களோ என்று எல்லோருக்கும் பயம். நடைபாதையில் ஒரு பெஞ்சைப் போட்டு, கம்பெனித் தம்பியையும் சேர்த்து ஐந்து பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்து, தொட்டியை ஒரு கண்ணாலும் பக்கத்து ஆளின் கையை மறு கண்ணாலும் பார்த்தார்கள்.

கேட்டில் ஒருவரை ஒருவர் சோதனை போட்டுத்தான் உள்ளே விட்டார்கள். மாமாவின் சட்டைப் பையில் பாதி ரொட்டி அகப்பட்டது. "இது எனக்கு வச்சிருக்கேன்!" என்று கத்தினார். அப்படியானால் இங்கேயே தின்னுங்கள் என்று எல்லோரும் நின்று பார்க்க, அவரைத் தின்ன வைத்த பிறகுதான் உள்ளே விட்டார்கள். ஃபியூஸ் திடீரென்று எழுந்து, "கொஞ்சமா ஏதாவது?" என்பான், நாலு கை அவன் சட்டையைப் பிடித்து இழுத்து உட்கார வைக்கும். ஒருநாள் சாயங்காலம் அக்காவே எழுந்துவிட்டாள். எதற்கு எழுந்தோம் என்று அவளுக்கே புரிவதற்குள் லேப் பொண்ணு அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"உக்காருங்கக்கா."

"பசிக்குமே புள்ள."

"பசிக்கட்டும்க்கா. பசிச்சாத்தானே திங்கும்?"

அக்கா உட்கார்ந்தாள். இந்தப் பெண்ணைப் பிறப்பு இறப்புப் பிரிவில் உட்கார வைத்துவிட்டு நாம் வரிப் பிரிவில் யாரோடு பேசுவது என்று நினைத்துக்கொண்டாள். பிடித்த கையை அந்தப் பெண்ணும் விடவில்லை, இவளும் விடுவிக்கவில்லை.

மெல்ல மெல்ல நுரை வற்றியது. கறுப்பு சாம்பலாகி, சாம்பல் பழுப்பாயிற்று. அழுகல் வாடை போய், மழை பெய்த மண் வாடை வந்தது. பசங்க நன்றாக இருந்தால் தொட்டி அப்படித்தான் மணக்கும். லேப் பொண்ணு ஒரு சொட்டை எடுத்துப் போய் மைக்ரோஸ்கோப்பில் வைத்தவள் அங்கிருந்தே கூவினாள். அக்கா குனிந்து பார்த்தாள். நீளக் காம்பின் நுனியில் குட்டிக் கிண்ணம் வைத்த மாதிரி உயிர்கள், கூட்டம் கூட்டமாக, வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. தண்ணீர் தெளிந்துவிட்டது என்றால்தான் இந்த ஜாதி வந்து குடியேறும். குழாயை மெதுவாகத் திறந்து ஊர்ச் சாக்கடை முழுவதையும் புதுத் தொட்டிக்குத் திருப்பினார்கள். பசங்க அசரவில்லை.

கெடு முடிந்த அன்று தலைமைப் பொறியாளர் வந்தார். முந்தைய நாளே வெளி ஆட்கள் வந்து தண்ணீரை எடுத்துப் போயிருந்தார்கள். அதன் முடிவு அவர் கையில் இருந்தது. கூடவே நகராட்சிப் புகைப்படக்காரர். ஐந்து பேரும் குளித்துத் தலைவாரி, பெஞ்சுக்கு முன்னால் வரிசையாக நின்றார்கள். அவர் நடைபாதையில் ஒரு சுற்று நடந்தார். கண்ணாடிக் குடுவையில் தொட்டித் தண்ணீரை எடுத்து வைக்கச் சொல்லி, சேறு அடியில் இறங்கி மேலே தண்ணீர் தெளியும் வரை பேசாமல் பார்த்துக்கொண்டு நின்றார்.

"பாஸ்" என்றார் கடைசியில். "நல்லாவே பாஸ். ஒரு வாரம் முன்னாடி ரோடு பூரா நுரைன்னு கேள்விப்பட்டேன். அதுக்குள்ள எப்படி சரி பண்ணீங்க?"

அக்கா வாயைத் திறப்பதற்குள் ஃபியூஸ் பெருமை தாங்காமல் முந்திக்கொண்டான்.

"ஒண்ணுமே பண்ணல மேடம்! ஒரு வாரமா எல்லாரும் சேர்ந்து ஒண்ணுமே பண்ணல!"

தலைமைப் பொறியாளரின் கண்கள் கண்ணாடிக்கு மேலே வந்தன. "ஒண்ணும் பண்ணாமயே ஓடுதா?"

"ஆமா மேடம்!"

"ஒண்ணும் பண்றதுக்கில்லன்னா எனக்கு எதுக்கு நாலு பேர்?"

ஃபியூஸின் சிரிப்பு முகத்திலேயே உறைந்துவிட்டது. மாமாவுக்கே அது ஒரே தடவையில் கேட்டுவிட்டது. அக்காவுக்குத் தலையில் இடி விழுந்தாற் போலிருந்தது. ஜெயித்த ஆட்டத்தை இந்த மடையன் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டானே! ஏதாவது சொல்ல வேண்டும். காற்றைக் கூட்டினோம், குறைத்தோம் என்று அளக்கலாம். ஆனால் இயந்திரம் எப்போது எவ்வளவு ஓடியது என்பதெல்லாம் அந்தப் பாழாய்ப் போன திரையில் இருக்கிறது. வாழ்க்கையில் முதல் தடவையாக அக்காவுக்குப் பேச்சு வரவில்லை.

அந்த மௌனம் புகைப்படக்காரருக்குப் பிடிக்கவில்லை. சாப்பாட்டு நேரம் நெருங்கிவிட்டது அவருக்கு. "மேடம், ஒரு போட்டோ எடுத்துட்டா கிளம்பிடலாம்" என்று அங்குமிங்கும் பார்த்தார். டிரம்முக்கு அடியில், குழாய் சொட்டிச் சொட்டி நிரம்பியிருந்த பாகு பக்கெட் அவர் கண்ணில் பட்டது. தூக்கிக்கொண்டு வந்து தலைமைப் பொறியாளர் கையில் கொடுத்தார். "இதை அப்படியே தொட்டியில ஊத்துங்க மேடம். நீங்களே பூச்சிக்கு சாப்பாடு போடற மாதிரி. பத்திரிகையில நல்லா வரும்."

சிரிக்கத் தெரியாத அந்த முகத்தில் ஓர் இளக்கம் வந்தது. அவர் தொட்டியை எட்டிப் பார்த்தார். அமைதியாகக் குமிழ் விட்டுக்கொண்டிருந்தது. "பாவம், ஒரு வாரமா ஒண்ணும் போடலயா?" என்றார். பக்கெட்டைச் சாய்த்தார்.

"வேண்டாம்!"

ஐந்து தொண்டைகள். மாமாவின் தொண்டையை நாலாகக் கணக்கிட்டால் எட்டு. கத்திய கையோடு எல்லோரும் பாய்ந்துவிட்டார்கள். ஃபியூஸ் பக்கெட்டின் அடியைப் பிடித்தான். மாமா விளிம்பைப் பிடித்தார். லேப் பொண்ணு கைப்பிடியைப் பிடித்தாள். கம்பெனித் தம்பி டேப்லெட்டைக் கீழே போட்டுவிட்டுத் தலைமைப் பொறியாளருக்கும் தொட்டிக்கும் நடுவில் குறுக்கே போய் நின்றான். அக்கா பிடித்திருந்தது தலைமைப் பொறியாளரின் மணிக்கட்டை. நகராட்சியில் இதுவரை யாரும் தொட்டிராத மணிக்கட்டு அது. புகைப்படக்காரர் பழக்க தோஷத்தில் ஒரு படம் எடுத்துவிட்டார்.

கன்னத்தில் தெறித்த பாகோடு தலைமைப் பொறியாளர் தன் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார்.

அக்காவுக்கு இப்போது பேச்சு வந்தது. கையை மட்டும் விடவில்லை.

"மன்னிச்சுக்கங்க மேடம். நல்ல மனசு இருக்கிற யாரு இந்தத் தொட்டி பக்கத்துல நின்னாலும் எதையாவது போடத்தான் தோணும். நான் போட்டேன், இவரு போட்டாரு, இவன் போட்டான், இந்தப் பொண்ணு கணக்குப் போட்டுப் போட்டுச்சு. படிச்ச தம்பி, போடக் கூடாதுன்னு எங்களுக்குச் சொல்லிக் குடுத்தவரு, அவரும் போட்டாரு. இப்ப நீங்க. ஒருத்தரை மட்டும் இங்க விட்டீங்கன்னா கண்டிப்பா போட்டுருவாரு மேடம். ஸ்கிரீன் பாக்கும், ஆனா கையைப் பிடிக்காது. போடற கையை இன்னொருத்தர் பிடிக்கணும். அதுக்குத்தான் நாங்க நாலு பேர்."

தலைமைப் பொறியாளர் கம்பெனித் தம்பியைப் பார்த்தார். "நிஜமாவா? நீயுமா?"

"ரெண்டு பெட்டி மேடம்" என்றான் அவன்.

அவர் பக்கெட்டை விட்டுவிட்டார். ஃபியூஸ் அதைப் பத்திரமாக வாங்கித் தரையில் வைத்து, தூரத்துக்குத் தள்ளினான். கைக்குட்டையால் கன்னத்தைத் துடைத்துக்கொண்டு, பேனாவுக்காகக் கையை நீட்டினார் அவர். லேப் பொண்ணு கொண்டையிலிருந்து ஒன்றை உருவிக் கொடுத்தாள். கையிலிருந்த உத்தரவில் ஆட்கள் 'இரண்டு' என்றிருந்ததை அடித்துவிட்டு 'நான்கு' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மாமா சத்தமில்லாமல் அழுதார். அவரிடமிருந்து சத்தமில்லாமல் ஒன்று வந்தது அதுதான் முதல் தடவை.

"எல்லாம் சரி" என்றார் தலைமைப் பொறியாளர் அக்காவிடம். "இப்பவாவது என் கையை விடலாமே?"

அக்கா பக்கெட் எங்கே இருக்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டாள். எட்டாத தூரத்தில்தான் இருந்தது.

"படிக்கட்டு வரைக்கும் வந்து விடறேன் மேடம்" என்றாள், பிடித்த கையோடு.